"வீட்ல நல்லாதான்ணா இருந்துச்சு": எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி, பயோடேட்டா, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் உண்டு. சாயங்காலத்தில் சிஸ்டம் சர்வீஸும் பார்ப்பேன். இருபது வருஷம் தாண்டிவிட்டது. ஒரு நாளைக்கு நாலு பேராவது பென் டிரைவை நீட்டி, "வீட்ல நல்லாதான்ணா இருந்துச்சு" என்று ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், வீட்டில் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒரு கம்ப்யூட்டரில் ஓடுவது இன்னொன்றில் ஏன் ஓடவில்லை என்று வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே பக்கமாக இருந்த பயோடேட்டா உங்கள் கடையில் திறந்தால் ஒன்றேகால் பக்கம் ஆகிறதே?

வேர்டு ஃபைலுக்குள் எழுத்தின் உருவம் பொதுவாக இருக்காது. "இந்த வரிக்கு லதா ஃபான்ட், 12 பாயின்ட்" என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். மளிகைக் கடைக்கு லிஸ்ட் கொடுத்தனுப்புகிற மாதிரி. கேட்ட சரக்கு இல்லையென்றால் கடைக்காரர் தனக்குத் தோன்றியதைக் கட்டிக் கொடுத்துவிடுவார்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தமிழுக்கு லதா ஃபான்ட் இருந்தது. விண்டோஸ் 7இல் விஜயா சேர்ந்தது. விண்டோஸ் 8 வந்தபோது நிர்மலா யுஐ. இப்போதுள்ள 10, 11இல் தமிழை மொழிப் பட்டியலில் சேர்த்தால்தான் லதா உள்ளே வரும். மேக்கில் தமிழ் சங்கம் எம்என் (அந்த எம்என், அதை வரைந்த முத்து நெடுமாறனின் முதலெழுத்துகள்). ஆண்ட்ராய்டு போனில் நோட்டோ. ஒவ்வொன்றிலும் 'ணை' பிடிக்கிற இடம் வேறு, வரிக்கு வரி விடுகிற இடைவெளியும் வேறு. லதாவில் 40 வரியில் முடிந்தது நிர்மலாவிலும் 40 வரியில் முடிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வேர்டில் செய்த டேபிளை லிப்ரே ஆபீஸில் திறந்தால் கட்டங்கள் கொஞ்சம் நகர்வதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

தியாகராயா கல்லூரிப் பையன் ஒருவன் இன்டர்வியூ அன்று காலை எட்டு மணிக்கு ஓடி வந்தான். "மேற்கூறியவை அனைத்தும் உண்மை" என்ற கடைசி வரியும் கையெழுத்துக் கோடும் மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தன. லெட்டர் சைஸ் பேப்பரை ஏ4 ஆக்கி, மார்ஜினைக் குறைத்து, ஒரு வழியாக மேலே இழுத்தேன். பிடிஎஃப் ஆகக் கொண்டுவந்திருந்தால் ரெண்டு நிமிஷ வேலை. பிடிஎஃப்பில் பெரும்பாலும் ஃபான்டும் ஃபைலுக்குள்ளேயே சேர்ந்து வந்துவிடும், எங்கே திறந்தாலும் அதே வரி அதே இடத்தில் நிற்கும். திருத்த வேண்டியிருக்கலாம் என்று தோன்றினால் வேர்டு, பிடிஎஃப் இரண்டையும் எடுத்து வாருங்கள்.

தமிழில் அடித்த கடிதம், இன்னொரு சிஸ்டத்தில் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. அது பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட், அல்லது அதன் பங்காளி யாராவது.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் கடையில் பாதித் தலைவலி இதிலிருந்துதான் வருகிறது. கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாத நாட்களில் நம் ஆட்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். இங்கிலீஷ் எழுத்துகளின் இருக்கையில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தார்கள். கே என்ற கட்டையைத் தட்டினால் திரையில் 'ம' தெரியும், ஆனால் கம்ப்யூட்டர் உள்ளே எழுதிக்கொள்வது கே தான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்ததை அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்தில் திறந்து பாருங்கள்: ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் 'ழ்' மேலே இருக்கும் புள்ளி.

பாமினி ஒன்றுதான் என்றால் அதை மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஃபான்ட் செய்த ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வரிசை போட்டார்கள். ஒருவருக்கு 'க' இருக்கிற இடத்தில் இன்னொருவருக்கு 'ட'. இதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்றுதான் 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடியது. டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அதில் முடிவாயின. விசைப்பலகை நிலைத்தது. குறியீடுகள், ஏற்கெனவே இருந்த கூட்டத்தில் இன்னும் இரண்டாகச் சேர்ந்துகொண்டன.

இந்த வகை ஃபான்ட்டின் மேல் வேர்டு செய்யும் குறும்பு தனிக் கதை. பாமினியில் சின்ன ஐ தட்டினால் 'ை', பெரிய ஐ தட்டினால் 'ஐ'. எஃப் தட்டினால் 'க'. ஆக 'கை' என்று அடிக்க இங்கிலீஷில் 'இஃப்' என்ற சொல்லை அடிக்க வேண்டும். வேர்டோ வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். ஒரு கைத்தறி ஜவுளிக் கடைக்கு 20 பில் புக் ராத்திரியோடு ராத்திரியாக அடித்துக் கொடுத்தேன். காலையில் கடைக்காரர் ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பார்த்து, "தம்பி, 'ஐகத்தறி'ன்னா என்னப்பா?" என்றார். 20 புத்தகத்திலும் ஐகத்தறிதான். வேர்டின் ஆட்டோ கரெக்ட்டில் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டது அன்றைக்குத்தான். உங்கள் சிஸ்டத்திலும் பாமினி இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

அப்போ யுனிகோடுக்கு மாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் ஆம். யுனிகோட் என்பது எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. அதில் 'க' என்றால் உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் 'க'தான், ஃபான்ட் எதுவானாலும் சரி. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் யுனிகோடைத் தரமாக அறிவித்தது, கூடவே டேஸ்16 என்ற இன்னொன்றையும். இன்றைக்கு உங்கள் போனில் நீங்கள் அடிப்பது யுனிகோட்தான்.

சிக்கல் டிசைன் பண்ணும் இடத்தில் இருக்கிறது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதற்கு யுனிகோட் தமிழ் தெரியாது, இனிமேல் கற்றுக்கொள்ளவும் போவதில்லை. பழைய கோரல் டிராவில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம் கிடக்கும். ஃபோட்டோஷாப், இன்டிசைன் புதியவற்றில் வரும், ஆனால் டைப் செட்டிங்கில் போய் தெற்காசிய மொழிகளுக்கான ஆப்ஷனையோ, 'வேர்ல்ட் ரெடி' என்று பெயர் வைத்திருக்கும் கம்போசரையோ தேர்ந்தெடுக்க வேண்டும். இதைத் தெரியாமல் 'ஃபோட்டோஷாப்பில் தமிழ் வராது' என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் கன்வர்ட்டர் என்று ஒன்று. போனில் அடித்த யுனிகோடைப் பழைய ஃபான்ட்டுக்கு மாற்றித் தரும். போன வருஷம் காசிமேட்டில் ஒரு பெரியவர் சாயங்காலம் தவறிவிட்டார். பேரன் ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் விஷயத்தை அனுப்பினான். விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி சுவரில் இருக்க வேண்டும். மேட்டரை கன்வர்ட்டரில் போட்டு, கோரலில் ஒட்டி, படத்தை வைத்து, பூ மாலையைச் சுற்றி, பிரிண்ட் கொடுக்கப் போனேன். பக்கத்தில் நின்றிருந்த பையன், "அண்ணா, தாத்தா பேர்ல முதல் எழுத்தக் காணோம்" என்றான். பெயர் ஸ்ரீயில் ஆரம்பிக்கும். 'ஸ்ரீ' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டமும் துண்டு 'ரீ'யும்தான் இருந்தன.

காரணத்தை அப்புறம்தான் கண்டுபிடித்தேன். யுனிகோடில் 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று 'ஸ'வில் ஆரம்பிக்கும். இன்னொன்று 2005இல் சேர்த்த 'ஶ' என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பையனின் போன் கீபோர்டு இரண்டாவதை அடித்திருக்கிறது, நம்ம கன்வர்ட்டருக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். பெயரில் ஸ்ரீ இருப்பவர்களை ஒரு லிஸ்ட்டில் தேடும்போது பாதிப் பேர் கிடைக்காமல் போவதற்கும் இதேதான் காரணம். அன்றிலிருந்து கன்வர்ட் செய்த எதையும் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் பிரிண்ட் கொடுப்பதில்லை. வீட்டாரையும் படிக்கச் சொல்வேன்.

சங்க உறுப்பினர் பட்டியலை வெப்சைட்டிலிருந்து இறக்கி எக்செலில் திறந்தால் பெயரெல்லாம் குப்பையாக இருக்கிறது.

தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், அப்புறம் புரியாத ஏதோ ஒன்று, இப்படி மூன்று மூன்றாக வருகிறதா? பயப்படாதீர்கள், பெயர்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. அது சிஎஸ்வி ஃபைல், அதாவது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து. அதில் ஒரு தமிழ் எழுத்தை மூன்று பைட்டாக எழுதி வைத்திருக்கும். எக்செல் அதை ஐரோப்பிய எழுத்துகள் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது. ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செலைக் காலியாகத் திறந்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து எடு என்பதைக் கொடுத்து, 65001 யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். குப்பையாகத் தெரியும்போது மட்டும் சேவ் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டு வந்தவர்களின் பட்டியலை மறுபடி இறக்கச் சொல்வதுதான் சுலபம்.

பழைய மேக் எக்செலில் போட்ட கணக்கு என்றால் தேதியையும் ஒரு முறை பாருங்கள். விண்டோஸ் எக்செல் 1900லிருந்து நாளை எண்ணும், பழைய மேக் எக்செல் 1904லிருந்து எண்ணும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தேதியை காப்பி செய்து ஒட்டினால் 1,462 நாள், அதாவது நாலு வருஷமும் ஒரு நாளும் நகர்ந்துவிடும். சீட்டுக் கணக்கில் இப்படி ஆனால் வீட்டில் சண்டைதான்.

ஐபோனில் எடுத்த போட்டோ உங்கள் சிஸ்டத்தில் திறக்கவில்லையே?

2017இல் இருந்து ஐபோன் ஹெச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கிறது. இடம் குறைவாகப் பிடிக்கும், நல்ல வடிவம்தான். ஆனால் எல்லா விண்டோஸிலும் தானாகத் திறக்காது. செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதை வைத்துவிட்டு எடுங்கள், ஜேபெக் ஆக வரும். ஏற்கெனவே எடுத்ததை வாட்ஸப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினாலும் ஜேபெக் ஆகிவிடும், ஆனால் தெளிவு குறையும். பாஸ்போர்ட் சைஸுக்குப் பரவாயில்லை, சட்டம் போட்டு மாட்டும் படத்துக்கு வேண்டாம்.

மேக்கில் பென் டிரைவைப் போட்டால் படிக்கிறது, எழுத விடமாட்டேன் என்கிறது.

அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிரைவ். மேக் அதைப் படிக்கும், எழுதாது. ஃபேட்32 ஆக மாற்றினால் இரண்டிலும் ஓடும், ஆனால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது, கல்யாண வீடியோவை அதில் போட முடியாது. எக்ஸ்ஃபேட் வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ், மேக், இன்றைய லினக்ஸ் மூன்றும் ஏற்கும். ஃபார்மட் அடித்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இருபது வருஷமாக ஓடிய சாஃப்ட்வேர், புது கம்ப்யூட்டரில் ஏன் ஓட மாட்டேன் என்கிறது? புதுசு இன்னும் வேகமாகத்தானே ஓட்ட வேண்டும்?

நியாயமான கேள்வி. தண்டையார்பேட்டையில் அடகுக் கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர் இதே கேள்வியை என் மேல் கோபத்தோடு கேட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது, எஃப்2 அடித்தால் புது ரசீது, எஃப்5 அடித்தால் வட்டி. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் யாரோ எழுதிக் கொடுத்தது. எழுதியவர் இப்போது எங்கே என்று தெரியாது. ஐயாவின் விரலுக்கு அது பழகிவிட்டது, திரையைப் பார்க்காமலே ரசீது போடுவார். மகன் புது கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். ஐகானைத் தட்டினால் 'இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது' என்று ஒரு நீலப் பெட்டி வருகிறது.

காரணம் இதுதான். அந்த சாஃப்ட்வேர் 16 பிட். 32 பிட் விண்டோஸுக்குள் பழைய டாஸ் ஆட்களுக்கென்று ஒரு சின்ன அறையை மைக்ரோசாஃப்ட் விட்டு வைத்திருந்தது. 64 பிட் விண்டோஸில் அந்த அறை இல்லை. விண்டோஸ் 10 வரைக்கும் 32 பிட் பதிப்பு கிடைத்தது. விண்டோஸ் 11, 64 பிட்டாக மட்டும்தான் வருகிறது. மெஷின் எவ்வளவு வேகம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டைப் பெரிதாக இடித்துக் கட்டியபோது பாட்டியின் திண்ணையை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஐயாவுக்கு மூன்று வேலை செய்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே முழுசாக காப்பி எடுத்தேன், இதுதான் முதல் வேலை, வேறு எதையும் தொடுவதற்கு முன். அப்புறம் புது மெஷினில், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் அவருடைய பழைய 32 பிட் விண்டோஸை எழுப்பி, நெட் கனெக்‌ஷனை அறுத்துவிட்டேன். பழைய திரை அப்படியே வந்ததும் ஐயா முகத்தில் சிரிப்பு. மூன்றாவது, அந்த சாஃப்ட்வேர் கணக்கை டிபிஎஃப் (பிடிஎஃப் இல்லை, பழைய டேட்டாபேஸ் வகை) ஃபைல்களில் வைத்திருந்தது. அந்த வகையை லிப்ரே ஆபீஸ் கால்க் நேராகவே திறக்கும். இருபது வருஷ ரசீதும் வரிசையாக வந்து நின்றன. நாளைக்கே எல்லாம் படுத்துவிட்டாலும் யாருடைய நகை எந்த எண்ணில் இருக்கிறது என்று தெரியும்.

டாஸ் சாஃப்ட்வேரை ஓட்டித் தரும் டாஸ்பாக்ஸ் போட்டால் போதாதா என்று சில பேர் கேட்பார்கள். அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது, பிரிண்ட் எடுக்கும் வசதியே அதில் இல்லை. அதன் கிளையான டாஸ்பாக்ஸ்-எக்ஸில் உண்டு. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இரண்டாவதை முயன்று பார்க்கலாம்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே, லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டுமா?

2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான அப்டேட் நின்றது. லேப்டாப் அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அணைந்துபோய்விடவில்லை, இன்னும் ஓடுகிறது. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை, அதுதான் விஷயம். வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் வரை நீட்டித்தார்கள்.

விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் மெஷினில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி வேண்டும், இன்டெல் சிப் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆறாம் தலைமுறை ஐ5 லேப்டாப்பை இதற்காக ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. சுற்றுவழியில் 11 போட்டுத் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். போடலாம், ஆனால் பெரிய அப்டேட் வரும்போது என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். பேங்க் வேலை, ஆன்லைன் பணம் எல்லாம் பார்க்கிற மெஷின் என்றால் அப்டேட் வருகிற ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ் மாதிரி மெஷினை ஓட்டும் அடிப்படை சாஃப்ட்வேர்) கட்டாயம். டைப்பிங்குக்கும் பிரிண்ட்டுக்கும் மட்டும் என்றால் நெட்டைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். என் கடையில் பேஜ்மேக்கருக்கென்றே ஒரு விண்டோஸ் எக்ஸ்பி பெட்டி அப்படித்தான் ஓடுகிறது.

பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுத் தருவீர்களா?

தருவேன், ஆனால் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: தினமும் எந்த சாஃப்ட்வேரைத் திறக்கிறீர்கள்? பிரௌசர், யூட்யூப், கடிதம், பிள்ளைகளின் பாடம் என்றால் தாராளமாக. அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப்புகள் எத்தனையோ வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை வீடுகளில் பரணில் கிடக்கின்றன. லேசான லினக்ஸ் போட்டால் அவை எழுந்து உட்காரும்.

டேலி, கோரல், ஃபோட்டோஷாப் என்றால் வேண்டாம். இவை மூன்றும் லினக்ஸுக்கு வருவதில்லை. கோரல் டிரா 2000 வாக்கில் ஒரு முறை லினக்ஸுக்கு வந்துவிட்டு அப்படியே காணாமல் போனது. வைன் என்று ஒன்று இருக்கிறது, 1993இல் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸ் சாஃப்ட்வேர் 'இந்த ஃபைலைத் திற, இந்த ஜன்னலை வரை' என்று கேட்பதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும் துபாஷி அது. பாதி சாஃப்ட்வேருக்குப் பிரமாதமாக மொழிபெயர்க்கும். மீதிக்குத் திக்கும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாளில் அது திக்கினால் நீங்கள் திட்டப்போவது என்னைத்தான்.

இன்னொன்று பிரிண்டர். லினக்ஸில் சில கம்பெனிப் பிரிண்டர்கள் செருகியதுமே ஓடும், சில என்ன செய்தாலும் முரண்டு பிடிக்கும். போட்டுத் தருவதற்கு முன் பிரிண்டரையும் கடைக்கு எடுத்து வரச் சொல்வது இதனால்தான். ஒரு பெரியவர் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து, அது ஓடவில்லை என்று திரும்பக் கட்டிக்கொண்டு போனார். பாவமாக இருந்தது.

மகள் டிசைன் படிக்கிறாள், மேக் வாங்கலாமா?

வாங்கலாம். திரையும் பேட்டரியும் நன்றாக இருக்கும். ஆனால் மேக்கில் பழசுக்கு மரியாதை கிடையாது, அது தெரிந்து வாங்க வேண்டும். 2019இல் கேட்டலினா வந்தபோது 32 பிட் ஆப்களை ஒரேயடியாக நிறுத்தினார்கள். 2020இல் இன்டெல் சிப்பை விட்டு சொந்த சிப்புக்கு மாறினார்கள். பழைய இன்டெல் ஆப்களை ஓட்டித் தரும் ரோசெட்டாவும் மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுசாக இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் இன்டெல் மேக் மலிவாகக் கிடைக்கிறது என்று பர்மா பஜார் பக்கம் யாராவது சொன்னால், மேக்ஓஎஸ் 26க்கு மேல் எந்த இன்டெல் மேக்கும் போகாது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

கோரல் டிரா 2019இல் மேக்குக்குத் திரும்ப வந்தது. இங்குள்ள பிரஸ்களோடு வேலை செய்ய இது முக்கியம், ஏனென்றால் வடசென்னையில் ஃபிளெக்ஸ், பத்திரிகை எல்லாம் பெரும்பாலும் கோரலில்தான் ஓடுகிறது. ஆனால் எந்த ஓஎஸ் ஆனாலும் புது கோரலில் சேவ் செய்ததைப் பழைய கோரல் திறக்காது. சேவ் ஆஸ் கொடுத்து, பிரஸ்காரர் வைத்திருக்கும் வெர்ஷனைக் கேட்டு, அதற்கு இறக்கிக் கொடுக்க வேண்டும். கன்வர்ட் டு கர்வ்ஸ் அடித்தால் எழுத்து படமாக மாறி, ஃபான்ட் பிரச்சினை போய்விடும். அப்புறம் பெயரில் ஒரு எழுத்து தப்பு என்று போன் வந்தால் திருத்த முடியாது. அதனால் கர்வ்ஸ் அடிக்காத ஒரு காப்பி எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டதே, இனி எந்த ஓஎஸ் ஆனால் என்ன?

டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனை (கையெழுத்துக்குப் பதிலாகச் செருகும், பென் டிரைவ் மாதிரியான சாதனம்) செருகும் வரைக்கும் அப்படித்தான் தோன்றும். வெப்சைட் பிரௌசரில் திறந்தாலும், டோக்கனுக்கு டிரைவர் வேண்டும், டோக்கனையும் பிரௌசரையும் பேச வைக்க இன்னொரு சின்ன சாஃப்ட்வேர் வேண்டும். அங்கே மறுபடி ஓஎஸ் எட்டிப் பார்க்கும். டோக்கன் விற்பவரிடம் உங்கள் ஓஎஸ்ஸைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். தனி ஆள் வியாபாரம் என்றால் ஜிஎஸ்டிக்கு ஓடிபி போட்டே முடித்துவிடலாம், டோக்கன் தேவையில்லை. கம்பெனி, எல்எல்பி என்றால்தான் கட்டாயம்.

ஓஎஸ் மாற்றியதிலிருந்து பிரிண்டர் விட்டு விட்டு வேலை செய்கிறது.

வீடு கடலுக்குப் பக்கத்திலா? அப்படியென்றால் டிரைவரை நாலு முறை அழித்துப் போடுவதற்கு முன், யுஎஸ்பி போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். காசிமேடு, ராயபுரத்தில் உப்புக்காற்று பின்னைப் பச்சையாக்கிவிடும். சாஃப்ட்வேர் கோளாறு என்று என்னிடம் வந்தவற்றில் சிலது ஒரு பழைய டூத் பிரஷ்ஷிலும் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் முடிந்தவை. மெஷினை அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தேயுங்கள்.

கிராக் வெர்ஷன் போட்டுத் தருவீர்களா?

மாட்டேன். கோரலுக்குப் பதில் இன்க்ஸ்கேப், ஃபோட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், வேர்டு, எக்செலுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், மூன்றும் இலவசம், போட்டுத் தருகிறேன்.

உங்கள் கடைக்கு ஃபைல் எப்படிக் கொண்டுவர வேண்டும்?

பிரிண்ட் மட்டும் என்றால் பிடிஎஃப். வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். திருத்தம் இருக்கும் என்றால் மூல ஃபைலோடு ஃபான்ட்டையும் அதே ஃபோல்டரில் போட்டுக் கொண்டுவாருங்கள். போனிலிருந்து அனுப்பும் விஷயத்தை மெசேஜாகவே அனுப்புங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் நான் மறுபடி முழுசாக அடிக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. பெயர்களை ஒரு பேப்பரில் கையால் எழுதியும் கொண்டுவாருங்கள், சரிபார்க்க அதைவிட நல்லது வேறு எதுவும் இல்லை. பாமினியில் அடித்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டேன்.